நாற்காலிக் கணக்கு

முதல் ஆண்டு இரண்டாயிரம் கேட்டார்கள்.
என்னிடம் அறுநூறுதான் இருந்தது.
பிஞோனாவிலிருந்து லாரி வைத்து வரவழைத்தேன்,
தேவாலயத்திலிருந்து பெஞ்சு, மசூதியிலிருந்து பாய்.
அப்படியும் ஜனம் நின்றது
கசமான்ஸ் கரை நெடுக,
சிலர் முழங்கால் தண்ணீரில்.
வாடகை வாங்கவில்லை.
மூன்றாம் ஆண்டிலிருந்து வாங்குகிறேன்.
ரசீதும் கொடுக்கிறேன்.

ஐந்தில் எண்ணூறு.
பத்தில், முழு எண் என்பதால்,
மறுபடி ஆயிரத்து ஐந்நூறு.
டாக்காரிலிருந்து காமிராக்கள்,
ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்கள்,
கொடி அரைக்கம்பத்தில், கயிறு புதிது.
பதினொன்றில் இருநூறு.
தேசத்தின் துக்கத்துக்குப்
பூஜ்யத்தில் முடியும் எண்களைத்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

இந்த ஆண்டு நூற்று இருபது.
குறுஞ்செய்தியில் வந்தது ஆர்டர்:
அன்சுமானா, வெள்ளை மட்டும் போடு,
நீலம் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் மழை.
நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்குகின்றன.
கனத்த ஆள் உட்கார்ந்தால்
மெல்ல ஒரு பக்கம் சாயும்.
வேறு ஊரில் சிரித்திருப்பார்கள்.

ஒர்தான்ஸ் சாஞா வருவாள்,
கைகளில் சுட்ட சிப்பியின் புகை வாசத்தோடு.
ஒரு நாற்காலியை எடுத்து
மேடைக்கு முதுகைக் காட்டி,
ஆற்றைப் பார்க்கப் போட்டுக்கொள்வாள்.
முதல் முறை ஒரு காவலர் திருப்பி வைத்தார்.
அவள் மறுபடி திருப்பினாள்.
அவர் வைத்தார். அவள் திருப்பினாள்.
இப்போதெல்லாம் நானே
கடைசி வரிசையில் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

இமாம் ஓதினார். பாதிரியார் ஜெபித்தார்.
புது அமைச்சர் பழைய தாளை வாசித்தார்.
மறக்க மாட்டோம் என்ற இடத்தில்
மைக் கரகரத்தது,
இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.
கப்பல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
ஆழம் ஒரு பனை உயரம்,
அதற்கு மேல் போனால் கொஞ்சம்.
அதைப் பற்றித் தாளில் எதுவும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.
அந்த இரவு என் நாற்காலிகளும் அதில் போயின.
நாற்பது. டாக்காரில் ஒரு கல்யாணத்துக்கு.
சரக்குச் சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது:
எண்ணிக்கை, நிறம், எடை,
எழுத்துப் பிழையோடு என் பெயர்,
மை பிசகாமல் விழுந்த முத்திரை.

ஒர்தான்ஸின் மகன் போனிஃபாஸ்,
நான்கு வயது, சித்தியோடு போனான்.
அந்த வயதுக்கு டிக்கெட் கிடையாது.
டிக்கெட் இல்லாததால் பட்டியலில் இல்லை.
பட்டியலில் இல்லாததால் கல்லில் இல்லை.
அவன் ஏறினான் என்பதற்கு என்னம்மா அத்தாட்சி
என்று மூன்று அலுவலகங்களில் கேட்டார்கள்.
ஒன்றில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. பையன்கள் அடுக்கத் தொடங்கினார்கள்.
அவள் திரும்பாமல் கேட்டாள்:
உன்னுடையதும் போனதாமே, எத்தனை?
இத்தனை வருஷம் கழித்து
யார் சொன்னார்களோ.
நாற்பது என்றேன்.
என்ன நிறம்?
நீலம்.

கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தாள்.
அவனுக்கு நிற்கவே பிடிக்காது,
எங்கே எது கிடந்தாலும் ஏறி உட்கார்ந்துவிடுவான்,
அதில் ஒன்றில் உட்கார்ந்திருப்பான், இல்லையா?

பத்துப் பத்தாக அடுக்கி,
நைலான் கயிற்றால் இறுக்கி,
முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு
சரக்கு அறைக்கு அனுப்பியவன் நான்.

உட்கார்ந்திருப்பான் என்றேன்.

நூற்றுப் பத்தொன்பதை ஏற்றியாயிற்று.
மழை மறுபடி பிடித்தது.
ஓட்டுநரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
ஏன் என்று கேட்டான்,
பிறகு அவனே பார்த்துவிட்டு
சாவியைத் திருப்பினான்.