ஐந்துக்கு அரை

மாங்குளம் சந்தியில் உழுந்துவடை சுற்றித் தந்த தாளில்
உங்கள் விமர்சனம் இருந்தது.
எழுதியவர் பெயர்மேல் எண்ணெய்.
படத்தின் பெயர் தப்பியிருந்தது:
'ஏழாம் நிலவில் இரும்பு'.
ஐந்துக்கு அரைப் புள்ளி,
அந்த அரையும் தியேட்டர் ஏசிக்கு என்று
எழுதியிருந்தீர்கள்.
வடை முடியும்வரை சிரித்தோம்.

பிறகு யசோதினியின் மச்சான்
வவுனியாவிலிருந்து பென்டிரைவில்
அதே படத்தைக் கொண்டுவந்தான்.
சனிக்கிழமை. மழை.
முகாமில் ஒன்பது பேர், ஒரு லப்டொப்.
சார்ஜ் போதாமல் நடுவில் ஒருக்கா நின்றது.

நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி.
நாயகனுக்குத் தகர முகம்.
வேற்றுக்கிரகத்து ராணி ஏன்
காஞ்சிபுரம் கட்டியிருக்கிறாள், தெரியாது.
துவக்கு சுட்டால் நீலமாய் வருகிறது,
இரும்பு விழுந்தால் பிளாஸ்டிக் வாளிச் சத்தம்.
பாட்டுகளை ஜெனிற்றா ஓட்டிவிட்டாள்,
ஒருவரும் மறிக்கவில்லை.

ஆனால் அந்தக் கடைசிச் சண்டை.
"பதினொரு நிமிடம் ஒரு ஆள்
ஒரு வெளியைக் கடக்கிறான்.
எதிரியே கண்ணில் படவில்லை.
இதற்குப் பெயர் அதிரடிப் படமாம்.
நத்தைகூட"
அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

அந்தப் பதினொரு நிமிடமும்
எங்கள் அறையில் மூச்சுச் சத்தம் இல்லை.

இரும்புப் பூச்சிகள் மண்ணுக்குள் படுத்திருக்கின்றன.
புதைத்தவர்கள் போய் இருநூறு வருடம்.
சண்டை முடிந்தது பூச்சிகளுக்குத் தெரியாது.
அவன் முழங்காலில் நிற்கிறான்.
ஒரு சாண் மண்ணைப் பார்க்கிறான்.
கை வைக்கிறான்.
பார்க்கிறான்.
அடுத்த சாண்.

"பிடரியில வேர்வை ஓடுது,
துடைக்கேலாது அவனுக்கு" என்றாள் கஜேந்தினி.
ஆறு வருடமாய் அம்பகாமத்தில்
அவளுக்கும் துடைக்கேலாது.

ஐயா, நீங்கள் எதிரியைத் தேடியிருக்கிறீர்கள்.
நாங்கள் அவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிழைகளும் கண்டோம், நீங்கள் காணாதவை.
முகமூடிக் கண்ணாடியில் புகாரே படியவில்லை.
வெட்டின புல்லை எந்தப் பக்கம் போட்டான், காட்டவில்லை.
துப்புரவான நிலத்துக்கும் மற்றதுக்கும் நடுவே
ஒரு சிவப்புத் தடிகூட இல்லை.
ஐம்பது நிமிடத்துக்கு ஒருக்கா
பத்து நிமிடம் ஓய்வு தராத விண்கப்பலில்
நாங்கள் வேலைக்குச் சேரமாட்டோம்.
கடைசிப் பூச்சியை எடுத்ததும் எழும்பி
கையை விரித்துக்கொண்டு வெளி முழுக்க ஓடுகிறானே,
அதில் ஒன்பது பேரும் ஒன்றாய்க் கத்தினோம்:
"நில்லடா!"
கடைசி என்று
அவனுக்கு ஆர் சொன்னது?

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு
என் ஒழுங்கையில் முழங்காலிட்டேன்.
பாலை மரத்தடி, போன கிழமை விட்ட இடம்.
மத்தியானத்துக்குள் கிடைத்தவை
மீன்ரின் மூடி ஒன்று,
ரவைக் கோது இரண்டு,
சைக்கிள் மணியின் கிண்ணம்.
எதற்கும் கருவி ஒரே குரலில்தான் கத்தும்.
ஒவ்வொன்றையும்
அதுதான் என்று நினைத்துத்தான் கிளறினேன்.
நகர்ந்தது இரண்டு முழம்.
பின்னணி இசைக்கு ஒரு செண்பகம்,
அதுவும் பாதியில் பறந்துவிட்டது.

இரண்டரை போடுகிறேன்.
மூன்று போட்டிருப்பேன், அந்த ஓட்டத்துக்கு அரை வெட்டு.
யசோதினி நான்கு என்கிறாள், அவளுக்கு நாயகனைப் பிடிக்கும்.
ஜெனிற்றா பாட்டுகளை மறக்கத் தயாரில்லை.

இன்னொன்று.
நத்தைகூட என்று தொடங்கி
மிச்சம் என்ன எழுதினீர்கள், அறியத் தரவும்.
இங்கே மழைக்கு நத்தைகள் வந்திருக்கின்றன.
சிவப்புத் தடிகளைத் தாண்டி
அந்தப் பக்கம் போகின்றன,
நாங்கள் இன்னும் தொடாத நிலத்துக்குள்.
பாரமில்லை அவற்றுக்கு.
ஒன்றும் ஆவதில்லை.