நீர் போன திசை

படுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.
"நான் பொய் சொல்லவில்லை" என்றார் யால்மரி கெம்ப்பைனன்
குழாய்க்குள்ளிருந்து, மைக்கில்.
தெரியும் என்றேன்.
ஏதாவது செய்யப் போனால்தான் அது வரும்:
கரண்டி, சாவி, கையெழுத்து.
காலையில் அவர் வரைந்த சுருள்கோடு
என் மேசையில் கிடக்கிறது,
நடுவில் தொடங்கி வெளியே வர வர
வால் மிதிபட்ட பாம்பு.

ஓவ்லு நகரம். பிப்ரவரி.
வெளியே சைபருக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே காந்தம்
தகரக் கூரைமேல் யாரோ கோபமாய் நடப்பதுபோல் தட்டுகிறது,
அறுபத்து நான்கு திசைகள்,
ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி:
தண்ணீரே, இந்தப் பக்கம் நகர முடிகிறதா உனக்கு?

நாங்கள் நரம்பைப் பார்ப்பதில்லை.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
நரம்போடு அடைபட்ட நீருக்கு
எந்தப் பக்கம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.
மிச்சம் ஊகம்,
ஊகத்துக்கு வண்ணம் பூசுகிறோம்:
இடவலம் ஓடினால் சிவப்பு
முன்பின் பச்சை
மேல்கீழ் நீலம்.

நள்ளிரவு தாண்டித் திரையில் ஒரு தலை
அவசரத்தில் பிரித்த நூல்கண்டாக.
நடுவே இரண்டு முட்டைகள், தலாமஸ்.
கிரேக்கத்தில் பள்ளியறை என்று பொருளாம்.
சூடு, வெளிச்சம், கதவு இழுபடும் ஓசை
எல்லாம் இந்த வாசலில் நின்று
பெயர் சொல்லித்தான் மேலே போகும்.
வாசனை மட்டும்
யாரையும் கேட்காமல் புழக்கடை வழியாக.

நான் தேடுவது ஒரே ஒரு கற்றை.
சிறுமூளையில் கிளம்பி
வழியில் பக்கம் மாறி
மறுபுறத்துப் பள்ளியறைக்கு ஏறுவது.
நடுக்கம் அதில்தான் பயணம் செய்கிறது என்று நம்புகிறோம்.
மின்கம்பி அங்கே இறங்க வேண்டும்.
ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பினால்
நாக்கு குழறும்.

பக்கம் மாறவில்லை என்றது முதல் கணக்கு.
மாறியது என்றது இரண்டாவது,
கூடவே போகாத ஊருக்கு நாலு வழியும் போட்டது.
அந்த நாலையும் தைமி அழித்தாள்.
அதில் ஒன்று நிஜமாக இருந்திருந்தால்?
"இருந்திருக்கலாம்"
என்றபடி காபி ஊற்றப் போனாள்.

யால்மரிக்குக் கடல்மேல் வேலை.
கடல் உறைந்ததும் தீவுக்குப் போகும் சாலையில்
துளையிட்டுத் துளையிட்டுப் பனியின் கனம் அளப்பவர்.
மறுநாள் படத்தைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"எத்தனை துளை போட்டீர்கள்?"
ஒன்றும் இல்லை.
"துளை போடாமல்
நான் ஒரு லாரியையும் விட்டதில்லை."
தொப்பியை எடுத்தார், அது அவர் கையில் ஆடியது.
"சரி. முதல் லாரி நானே."

மார்ச். விழித்தபடி படுத்திருக்கிறார்,
மண்டையோட்டில் துளை இறங்கும்போது
எத்தனை சென்டிமீட்டர் என்று விசாரிக்கிறார்.
யாருக்கும் சிரிப்பு வரவில்லை, பிறகு எல்லோருக்கும் வந்தது.
நான் குறித்த புள்ளியில் கம்பி.
கையில் பேனா.
பாம்பு பாதி அடங்கியது.

மருத்துவர் கம்பியை
ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் நகர்த்தினார்,
கேட்கவில்லை, காதால் எதையோ கேட்டபடி.
பேனா
நடுவில் தொடங்கியது
சுற்றியது
சுற்றியது
காகிதம் தீர்ந்த பிறகும் மேசையில் சுற்றியது.

அந்த இடத்தை என் படத்தில்
இன்றும் சில இரவுகளில் திறந்து பார்க்கிறேன்.
சிவப்பில்லை, நீலமில்லை.
தைமி அழித்த கோடுகளும்
அங்கே வந்தவை அல்ல.