ஒட்டுசுட்டான் பதிப்பு

மாங்குளத்தால் திரும்பி
இருபத்துச் சொச்சம் கிலோமீற்றர்.
சேட் பொக்கற்றில் பென்டிரைவ்,
அதற்குள் நேற்றிரவு வெளியான புதுப் பதிப்பு.
இன்னும் சூடாறவில்லை.

கூட்டுறவுச் சங்கத்துக்கு
இலவச மென்பொருளைக் கொண்டுவந்தவன் நான்.
காசில்லை என்பதால் அவர்கள் சம்மதித்தார்கள்.
மூலநிரல் திறந்திருக்கிறது என்பதால் நான் போட்டேன்.
இரண்டு காரணமும் ஒரே மேசையில்
நாலு வருசம் சண்டையில்லாமல் இருந்தன.

சிவநந்தினி நெல்லுக் கணக்கு எழுதுபவள்.
வலக்கை மட்டும்.
இரண்டு மூன்று விசையைச் சேர்த்து அமத்தவேண்டிய இடத்தில்
ஒன்றன்பின் ஒன்றாய் அமத்துவாள்;
கொம்பியூட்டர் பொறுத்திருக்கும்.
ஒட்டும் விசை என்று அதற்குப் பெயர்.
பட்டியலின் அடியில், ஒருவரும் போகாத மூலையில்
ஒரு சின்னச் சதுரம்.
அதில் சரி போட்டது நான்தான்.

புதுப் பதிப்பில் அந்தச் சதுரம் இல்லை.
பொத்தான்கள் வட்டமாகியிருந்தன. நிழல் விழுந்தது.
சாளரம் மூடும்போது மெல்ல உருகியது.
அழகுதான், பொய் சொல்லக்கூடாது.

அவள் கன்ரோலை அமத்தினாள், விட்டாள்,
எஸ்ஸை அமத்தினாள்.
நூற்றுப் பதினெட்டு மூடைக்குப் பக்கத்தில்
ஒரு எஸ் வந்து நின்றது.
எலியால் செய்யலாமே என்றேன்.
ஒரு கை எலிக்கும் விசைக்கும் எத்தனை தரம் ஓடும்?
அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.
எஸ்ஸை அழிக்கப் போனேன்.
"இருக்கட்டும், சாட்சிக்கு."

இரவு பிழை அறிக்கை எழுதினேன்.
காலையில் மறுமொழி. மரியாதையான மறுமொழி:
பாவனைத் தரவைப் பார்த்தோம்,
அந்த வசதியைப் பாவித்தவர்கள் பூச்சியத்துக்குக் கிட்ட.
ஆறு மாதத்துக்கொரு பதிப்பு விடுகிறோம்,
எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓட ஏலாது.

சங்கத்தில் இணைய இணைப்பே இல்லை.
எங்கள் இயந்திரம் ஒரு நாளும்
எவருடைய எண்ணிக்கைக்கும் போனதில்லை.
பூச்சியத்துக்குக் கிட்ட என்கிற அந்த இடம்
எனக்குத் தெரியும்:
சந்தியிலிருந்து இரண்டாவது கட்டடம்.

வேகத்தை நான் ஏசவில்லை.
போன வருசம் 'கொ' எழுதினால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளி வட்டமொன்று முழிக்கும்.
சொன்னேன். பதினோராம் நாள் திருத்தம் வந்தது,
தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத ஒருத்தனிடமிருந்து.
காசுக்கு வாங்கியதென்றால்
இன்னும் வரிசையில் நின்றிருப்பேன்.
ஓடுங்கோ.
பாரம் என்று ஒன்றைக் கழற்றி எறிய முன்
அதைப் பிடித்தபடி ஒரு கை இருக்கிறதா என்று
ஒருக்கால் பாருங்கோ.
எண்ண வேண்டாம். பாருங்கோ.

மூலநிரல் திறந்திருந்தது. அதில் பொய்யில்லை.
நீக்கிய நாற்பத்தேழு வரியைத் திரும்பச் செருகினேன்.
தொகுக்கத் தொடங்க, கரண்ட் போனது.
திரும்பத் தொடங்க, திரும்பப் போனது.
விடியப்புறம் நாலரைக்கு முடிந்தது,
வட்டப் பொத்தானோடும் நிழலோடும்தான்.

கன்ரோல். விட்டாள். எஸ்.
சேமிக்கப்பட்டது.
"அடுத்தது எப்ப?"
"புரட்டாதி."
"அப்பவும் கழட்டுவாங்களோ?"
"கழட்டினா, திரும்பப் பூட்டுவன்."
"எத்தனை தரம்?"

அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதி
ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்து
திரையின் விளிம்பில் ஒட்டினாள்.
எனக்கா, அவர்களுக்கா, தெரியாது:
கை வைக்காதே.
ஒட்டிவிட்டுத் தானே சிரித்தாள்.

பிறகு,
மூன்று நாளாய்ச் சாட்சிக்கு நின்ற
அந்த எஸ்ஸை அழித்தாள்.