பயணி, மணிக்கு நூற்றைம்பது

களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
டைல்ஸ் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் ஒரு கப்பல் நிற்கிறது.
கீழே, டைல்ஸ் கடையை ஒட்டி, என் ஜெராக்ஸ் கடை.

பையன்கள் பழக ஒரு பயணி வேண்டும் என்று
டென்சிங் சார் வந்து கேட்டார்.
முதல்முறை கப்பலேறுகிறவள் மாதிரி
ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் போதும்,
மணிக்கு நூற்றைம்பது.
ஒன்றும் தெரியாமலிருப்பதற்கு
இதுவரை யாரும் எனக்குக் காசு தந்ததில்லை.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏறுகிறேன்.
படி முடிகிற இடத்தில் சுஜின் குனிந்து
வரணும் மேடம் என்கிறான்.
நேற்றுவரை அவனுக்கு நான் எக்கா.

கழுத்தில் ஒரு அட்டை மாட்டுகிறான்.
கதவு திறக்க, காப்பி குடிக்க, கணக்கில் எழுத
எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதுமாம்.
நான் லேமினேட் செய்து கொடுத்த அட்டை,
இருபது ரூபாய் இன்னும் பாக்கி.

ஐந்தாம் தளம், பெரிய சாப்பாட்டு அறை.
முதல் பந்தி ஆறு மணிக்கு, அடுத்தது எட்டரைக்கு,
எது வேணும் மேடம்?
பந்தி என்றதும்
கை தானாக இலையில் தண்ணீர் தெளிக்கப் போனது.
இலை இல்லை. மூன்று முள்கரண்டி, இரண்டு கத்தி.
வெளியே இருந்து உள்ளே வரணும், என்று
உதடசையாமல் சொல்லித் தந்தான்.

ஒன்பதாம் தளம், பஃபே.
எவ்வளவும் எடுக்கலாம், எத்தனை தடவையும்.
கல்யாண வீட்டில் ரெண்டாவது பாயசம் கேட்டு
தொடையில் கிள்ளு வாங்கியவளுக்கு
அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினொன்றாம் தளம், நீச்சல் குளம்.
மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்
சின்டெக்ஸ் டேங்கைக் காட்டினான்.
நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.
மோட்டாரை ஆஃப் பண்ணுடே என்றேன்.
பயணி அதெல்லாம் சொல்லக்கூடாதாம்.

மெனுவில் இறால் கறுப்பு,
மீன் கறுப்பு, கேக்கும் கறுப்பு.
கலர் காப்பி பத்து ரூபாய் என்றதும்
டென்சிங் சார் பின்வாங்கிவிட்டார்.
கறுப்பு இறாலைத் தொட்டுக் காட்டினேன்.
வெறும் தட்டு வந்தது.
அதை அவன் வைத்த விதத்தில்
வாயில் எச்சில் ஊறியது.

அப்புறம் சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டான்,
உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா மேடம்?

கீழே திருவனந்தபுரம் பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

நாற்பத்திரண்டு வருஷம்
மூன்று வீட்டுச் சோறு.
கணவாய், என்றேன். நாக்கு தடிக்கும்.
எழுதினான்.
வேறே?
ரொம்ப நேரம் நின்றால் முழங்கால். டோனர் தூள்.
எழுதினான்.
வேறே?
கொழுந்தன் வீட்டு விசேஷம்.
அதையும் எழுதி, கோடு போட்டு,
சமையலறையில் சொல்லிவிடுகிறேன் என்றான்.
டென்சிங் சார் கைதட்டினார்.

மார்ச்சில் போனான்.
ஏர்போர்ட்டுக்கு வழியும் அந்தச் செக்போஸ்ட் வழியேதான்;
பெட்டியிலிருந்த மரச்சீனி வற்றலைப்
போலீஸ்காரர் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தாராம்.

நேற்று அவன் குரல் வந்தது, போனில், இரைச்சலோடு.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே
ஜன்னல் இல்லாத தளத்தில்
தட்டு கழுவும் மிஷின் முன்னால் நிற்கிறான்.
ஒரு பந்திக்கு ஒன்பதாயிரம் தட்டு.
ஒட்டிவரும் மிச்சத்தைப் பார்த்து
மேலே இன்று என்ன விருந்து என்று கண்டுபிடிப்பானாம்.
பயணிகள் நடக்கிற பக்கம் அவன் போகக்கூடாது.
எக்கா, நீங்கதானே மேலே போயிருக்கிய,
அந்த நீச்சல் குளம் எப்படி இருக்கும்?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மொட்டைமாடிக்கு ஏறினேன்.
இன்று வகுப்பு இல்லை.
போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு
நிறைஞ்சு வழியுது மக்ளே, என்றேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
நான் ஆஃப் செய்யவில்லை.