ஓடத் தெரியாதவளின் கார்

வவுனியாவிலிருந்து கஜீபன் கொண்டுவந்து விட்டான்.
மாங்குளத்தில் திரும்பும்போது பக்கத்தில் இருந்து
அவன் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
அது என்ன செய்கிறதென்று விளங்கவில்லை.
தையல் மிசின் மிதிக்கிற கால் போலவும் இல்லை,
சைக்கிள் மிதிக்கிற கால் போலவும் இல்லை.
எதையோ மெல்ல விட்டுக்கொடுக்கிற கால்.

வளவுக்குள் நேரே ஏற்றி,
கிணற்றுக்கட்டைப் பார்க்க நிறுத்தி,
திறப்பை என் கையில் வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினான்.

சீட்டுக்காசு பத்து, சங்கத்தில் எடுத்த கடன் ஆறு.
பதினாறு லட்சம்.
ஓட்டோ கியர் என்றால் இன்னும் அவ்வளவு வேண்டும்.
அதுவரை பால் சேகரிக்கிற நிலையத்தில்
லீற்றர் கணக்கு எழுதியெழுதியே கிழவியாகிவிடுவேன்.
அதனால் இது.
வெளிறிய சிவப்பு மாருதி.
பின்கண்ணாடியில் முந்தின சொந்தக்காரரின் பிள்ளையார்,
டாஷ்போட்டில் யாரோ ஒரு குழந்தை ஒட்டின
வெள்ளி நட்சத்திரம், பாதி உரிந்தது.

பிரான்சிலிருந்து துஷ்யந்தி சிரித்தாள்:
"உனக்கு ஓடத் தெரியாதே, அக்கா!"

ஓடத் தெரியாதா.
போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.
மல்லாவியிலிருந்து தருமபுரத்துக்கு ஓடினோம்.
தருமபுரத்திலிருந்து விசுவமடுவுக்கு.
லான்ட்மாஸ்டர் பெட்டியில் நெல்மூட்டைக்கு மேல் நீ,
உன் மடியில் கோழிக்கூடை.
அதற்குப் பிறகு லான்ட்மாஸ்டரும் இல்லை.
இவ்வளவையும் சொல்லவில்லை.
"பழகலாமடி" என்றேன்.

பகலில் சனம் பார்க்கும்.
இரவு எட்டுக்குப் பிறகு
எஞ்சின் போடாமல் ஏறி இருந்து கியர் மாற்றுகிறேன்.
ஒன்று மேலே. இரண்டு கீழே.
மூன்றுக்குப் போகிற வழியில் ஒரு வெறும் இடம்.
தடி அங்கே சும்மா ஆடுகிறது,
சங்கக் கூட்டத்துக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு
கையெழுத்து வைக்காமல் போகிறவர்களைப் போல.
கண்ணாடியை இறக்கினால் நுளம்பு. ஏற்றினால் வேர்வை.
வேலிக்கு மேலால் மரியதாஸ் அண்ணை கேட்கிறார்:
"எங்க பிள்ளை, மாங்குளம் தாண்டியாச்சோ?"
"இன்னும் கிணத்தடிதான் அண்ணை."

கிளிநொச்சியில் லேனர்ஸ் மாஸ்டர்,
கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்.
அவருடைய காரில் அவருக்கென்று தனி பிரேக் இருக்கிறது.
நேர் ரோட்டில் முன்னுக்கு ஓடத்தான் காட்டித்தருகிறார்.
என் கார் நிற்பது கிணற்றைப் பார்த்து.
முன்னுக்குப் போனால் தண்ணீர்.
மற்றவர்கள் கடைசியாகப் படிப்பதை
நான் முதலில் படிக்கவேண்டும்.
அந்தக் கியருக்கு இலக்கம்கூட இல்லை,
ஒற்றை எழுத்து.

போயா விடுமுறை. மாடுகளுக்கு இல்லை, எனக்கு உண்டு.
விடிய ஐந்தரைக்கு எஞ்சினைப் போட்டேன்.
இடது காலை அடிவரை அமத்தி
தடியை அந்த எழுத்துக்குள் தள்ளி
மெல்ல, இன்னும் மெல்ல, விட்டேன்.
எங்கேயோ ஓரிடத்தில்
கார் காதுகொடுத்தது.
இருக்கைக்குக் கீழால் ஒரு நடுக்கம் வந்து
முழங்காலில் நின்றது.
ஓ, இதுதானா கஜீபனின் கால்.

பிறகு நின்றுபோயிற்று.
திரும்பவும் நின்றுபோயிற்று.
ஆறாம் முறை ஒரு வாழைக்குட்டி.
ஏழாம் முறை படலைத் தூண், கொஞ்சம்.
ஒன்பதாம் முறை நான் தெருவில், குறுக்காக,
வவுனிக்குளத்துப் பக்கமிருந்து வந்த உழவு மிசினுக்கு
முழு வழியையும் மறித்துக்கொண்டு.
அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.
இறங்கி, பீடி ஒன்றைப் பற்றவைத்து, வேலியோடு நின்றான்.
"ஆறுதலா எடுங்கோ."
அந்த ஆறுதல் ஒரு பீடி நீளம்.

மிச்சம் எப்படி நடந்ததென்று ஒழுங்காக நினைவில்லை.
மரியதாஸ் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார்,
பீடிக்காரன் மற்றப் பக்கம்,
தள்ளினார்கள், திருப்பினார்கள்,
நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
இரண்டு பேருக்கும் மாறிமாறி ஓமென்றேன்.

இப்போது கார் தெருவைப் பார்த்து நிற்கிறது.
பின்பம்பரில் படலைத் தூணின் பச்சை பெயின்ற்.
இரவு துஷ்யந்தி எடுப்பாள்,
எவ்வளவு தூரம் ஓடினாய் என்று கேட்பாள்.
இருபது அடி.
எல்லாம் பின்னுக்குத்தான்.