பதினாறு பல்

பங்குனியில் காற்று
எந்தச் சம்பந்தி வீட்டுக்கோ போய்விடும்.
பணகுடிக்குத் தெற்கே காற்றாலைகள்
கைவிரித்தபடி நிற்கும்.
எண்ணெய் அளவு பார்ப்போம், போல்ட்டைத் தட்டிப் பார்ப்போம்,
பிறகு தூணின் நிழல் நகர நகர
நாங்களும் நகர்ந்து உட்காருவோம்.

தவசிக்கனி அந்தக் காரை வள்ளியூரில் வாங்கினான்.
மச்சினன் மகனுக்கு என்றான்.
நாலு நாளாகியும் கொடுக்கவில்லை.

மோட்டார் முனையில் எட்டுப் பல்.
அச்சில் நாற்பது.
அது அஞ்சு சுற்றினால் இது ஒன்று.
தூணடிக் கான்கிரீட் மேடையில் இருபதடி:
ஒன்பது நொடி.
"சவம், கல்யாண ஊர்வலம் மாதிரில்லா போகுது."

நாற்பதைக் கழற்றி இருபத்துநாலு.
பல்லும் பல்லும் இறுகினால் முனகும்,
விலகினால் நழுவும்.
பஸ் டிக்கெட்டை இடையில் கொடுத்து
திருகை முடுக்கி
டிக்கெட்டை உருவினான்.
பல்தடம் விழுந்த பதினேழு ரூபாய்.
ஆறு நொடி.

பிறகு பதினாறு.
விசையைத் தட்டினால் நடுக்கம்தான், நகரவில்லை.
கருகல் வாசம்.
குனிந்து, ஒற்றை விரலால்
பைய ஒரு தள்ளு.
நாலரை நொடியில் இரும்புக் கதவில் மோதி
மல்லாந்து கிடந்தது
சக்கரத்துக்கு மட்டும் ஆத்திரம் தீராமல்.

கதவுக்கு ஏறும் சரிவில் விட்டோம்.
பதினாறு அடிவாரத்திலேயே அழுதது.
இருபத்துநாலு பாதிவரை போய்ப் பின்னால் உருண்டது.
நாற்பது ஏறியது.
அதே ஊர்வலம், வாசல்வரை.

எங்கள் தலைக்கு எண்பது மீட்டர் மேலே
ஒரு பல்சக்கரப் பெட்டி இதையே தலைகீழாய்ச் செய்கிறது:
பதினைந்து சுற்று வாங்கி
ஆயிரத்தைந்நூறாய்த் திருப்பும்.
ஆறு வருஷமாய் அதற்குள் கைவிட்டு எண்ணெய் வழித்திருக்கிறேன்.
பல் எண்ணியதில்லை.

கதவின் உட்புறம், சர்வீஸ் தேதிகளுக்குக் கீழே
சாக்பீஸால் எழுதினான்:
40 – 9. ஏறும்.
24 – 6. பாதி.
16 – 4½. விரல் வேணும்.

வைகாசிக் கடைசி.
மகேந்திரகிரிப் பக்கமிருந்து முதல் காற்று இறங்கிய அன்று
சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர்
கதவைத் திறந்தவர் நின்று வாசித்தார்.
"எந்த மெஷினுக்குப்பா இது?
விரல்னா என்ன பார்ட்?"

மேலே இறக்கை ஒருதரம் யோசித்து
அசையத் தொடங்கியது.
தவசிக்கனி கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.
"ஸ்டோர்ல கிடைக்காது சார்," என்றேன்.

மச்சினன் மகனின் கார்
இன்னும் இவன் டிபன் பைக்குள்.