ஒரு கரண்டி மிச்சம்

நேற்றிரவு கல்லடியில் அஞ்சு மணித்தியாலம் கரண்ட் இல்லை.
காலையில் பிரிட்ஜைத் திறந்தால்
உள்ளேயும் வாவிக்கரை வெக்கை.

ஏறாவூரில் இருந்து நிஹாறா ராத்தா
கடதாசிப் பையில் தந்தனுப்பிய சிப்பிக் காளான்
மூன்று கிலோ.
கடதாசியை எறிந்துவிட்டு
எவனோ பொலித்தீனில் போட்டு முடிந்திருக்கிறான்.
பை முழுக்க வியர்வை.
தொட்டேன். விரலோடு வந்தது
ஒரு வழுவழுப்பு,
மீனில்லாத மீன் நாற்றம்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.
இறைச்சி தொடாத ஆட்களெல்லாம்
பன்னிரண்டரைக்கு வந்து காளான் டெவல் கேட்பார்கள்.
பலகையில் சோக்கால் எழுதியும் ஆயிற்று.

"கழுவிப் போடுங்க புள்ள.
மிளகாயும் சோயாவும் கூடப் போட்டா
ஆருக்குத் தெரியும்?"
வயிற்றுக்குத் தெரியும் முதலாளி, என்றேன்.
பையை அப்படியே குழிக்குள் போட்டேன்.
கத்தி, பலகை, இரண்டு கை,
எல்லாம் சவர்க்காரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது

பின்கதவில் ஓட்டோ.
பேரின்பம் ஒரு சொப்பிங் பையை நீட்டினான்.
கொக்கட்டிச்சோலை வயலுக்குள்
மழை விட்ட வெளிச்சத்தில்
வெள்ளை வெள்ளையாய் நின்றதாம்.
காசு வேண்டாமாம்,
ஒரு சோத்துப் பார்சல் போதுமாம்.
"வெள்ளி மோதிரம் போட்டு அவிச்சுப் பாத்தனக்கா.
கறுக்கல்ல."

மோதிரத்துக்கு என்ன தெரியும்.

இந்த அடுப்புக்கு முன்னம்
பெரியாஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன்.
ஒரு மாரியில்
நாலு கட்டில், ஒரு குடும்பம், ஒரு சட்டி.
முதல் நாள் சத்தி.
இரண்டாம் நாள் எழும்பி இருந்து சிரித்தார்கள்,
வீட்டுக்கு விடுங்களேன் என்றார்கள்.
மூன்றாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள்.
டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்:
என்ன காளான்? மிச்சம் ஏதும் கிடக்கா?
தாய்க்காரி சொன்னாள்:
"நல்ல ருசி ஐயா. சட்டிய வழிச்சுத் திண்டம்."
கழுவிக் கவிழ்த்த சட்டி
என்ன சாட்சி சொல்லும்.
கட்டிலுக்குக் கீழே கிடந்த நாலு சோடிச் செருப்பில்
இரண்டு சோடியைத்தான்
ஆட்கள் போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கறி இறக்கினாலும்
ஒரு கரண்டி
மூடியுள்ள டப்பாவில், திகதி எழுதி,
மூன்று நாள் பிரிட்ஜில்.
முதலாளி இதைக் களவென்று நினைத்த காலமும் உண்டு.

"வயல் காளான் இஞ்ச வேணாம் தம்பி.
ஆர் வளர்த்தது எண்டு தெரியாத ஒண்டும்
இந்த அடுப்பில ஏறாது."
அவன் முகம் சுருங்கிப்போயிற்று.
பையை வாங்கினேன். பாதிதான் கிடந்தது.

"மத்தது எங்க?"
"அதான் சொன்னேனேக்கா. அவிச்சது.
வீட்ட, அடுப்பில."

ஈரக் கையோடு அவன் போனைப் பறித்து
நானே எடுத்தேன்.
"ஆரும் திண்டதா?"
"இல்லக்கா, இன்னும் இறக்கல்ல."
நல்லது.
"வாய் வச்சதா ஆரும்?"
அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்.
பிறகு அவள் குரல், சாதாரணமாக:
"சின்னவன் உப்புப் பாத்தவன். ஒரு துண்டு."

"கொட்டாத. கழுவாத.
வயித்துக்குத்து வரட்டும் எண்டு பாத்திராத.
சட்டியோட, புள்ளையோட
ஆஸ்பத்திரிக்குப் போ.
இப்ப."

பேரின்பம் ஓட்டோவைத் திருப்பிய வேகத்தில்
வாசல் பலகை சரிந்தது.
நிமிர்த்தி வைத்து
காளான் டெவலை உள்ளங்கையால் அழித்தேன்.
கத்தரிக்காய்ப் பால்கறி என்று எழுதினேன்.
ஈரத்தில் சோக் பிடிக்கவில்லை.